லைஃப்டைம் ஆயில்: யாருடைய லைஃப்டைம்?

பழைய ஜெர்மன் கார் வைத்திருப்பவர்களிடம் போய் "செலவெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டே பதில்தான் வரும். ஒன்று, "ஓட்டிப் பாரு, அப்புறம் பேசு." இன்னொன்று, "யானையைக் கட்டித் தீனி போட முடிஞ்சவன்தான் இதை வாங்கணும். மத்தவன் பஸ்ல போகட்டும்."

முதல் பதிலோடு எனக்குத் தகராறு இல்லை. நானும் ஓட்டியிருக்கிறேன் (பெருந்துறையிலிருந்து சங்ககிரி வரைக்கும், ஓனர் பக்கத்து சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க). நூறில் போகும்போது அறுபதில் போகிற மாதிரி இருக்கும். கதவைச் சாத்தினால் பீரோ சத்தம் வராது, பேங்க் லாக்கர் சத்தம் வரும். ஆட்டோபானில் மணிக்கணக்காக இருநூறில் ஓடுவதற்கென்று செய்த வண்டி, நம்ம ஊர் பைபாஸில் கொட்டாவி விட்டுக்கொண்டு போகிறது. அதை ஓட்டிவிட்டு வந்து அப்பாவின் ஆல்டோவில் உட்கார்ந்தால் பிஸ்கட் டின்னுக்குள் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். ஒத்துக்கொள்கிறேன்.

இந்தப் பதிவு இரண்டாவது பதிலைப் பற்றியது. அந்த யானை வசனத்தைச் சொல்லிச் சொல்லியே ஒரு பெரிய கணக்கு மோசடியை மூடி வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. மோசடி என்ற வார்த்தை கொஞ்சம் ஓவர் என்று நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வந்து திட்டுங்கள்.

எந்தக் காரைச் சொல்கிறேன் என்று முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ், மெர்சிடிஸ் இ-கிளாஸ், ஆடி ஏ6. எக்ஸிக்யூட்டிவ் கார் என்பார்கள். ஜெர்மன்காரர்கள் இந்த வகைக்கு வைத்திருக்கும் பெயருக்கு நேர் அர்த்தம் 'மேல் நடுத்தர வர்க்கம்'. நம்ம ஊரில் மேல் நடுத்தர வர்க்கம் என்றால் சொந்த வீடு, ஒரு ஐ10, பையனுக்கு இன்ஜினீயரிங் சீட். அவர்களுக்கு இ-கிளாஸ். நல்லா இருங்கப்பா.

இந்தக் கார்கள் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனதும் புது வேகன்ஆர் விலைக்கு இறங்கிவிடும். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் கார் ஓடக்கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே செல்லாமல் போன வண்டிகள் என்ஓசி வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்கு வண்டி வண்டியாக வந்தன. (2025-இல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் இளக்கிவிட்டது, அது வேறு கதை.) எங்கள் வகுப்பில் வாரத்துக்கு ஒருத்தனாவது போனை நீட்டி, "மச்சி, ஆறரை லட்சம்தான்டா, பி.எம்.டபிள்யூ.டா" என்கிறான். ஆடிக்கு வருஷம் முழுக்க ஆடித் தள்ளுபடி.

பி.காம். படிக்கிற கொழுப்பில் ஒரு கணக்குப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 40 லட்சம் ரூபாய் கார் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி பேரில் வாங்கியது. வருமான வரிக் கணக்கில் காருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம், குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல். முதல் வருஷம் 6 லட்சம் கழியும், அடுத்த வருஷம் 5 லட்சத்து 10 ஆயிரம், இப்படியே போகும். பன்னிரண்டு வருஷ முடிவில் ஏட்டில் நிற்பது சுமார் 5 லட்சத்து 69 ஆயிரம். 40 லட்சத்தில் 14 சதவீதம். நண்பன் நீட்டிய போனில் இருக்கும் விலைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

நடுவில் காணாமல் போன 34 லட்சத்தை முதல் ஓனர் தன் லாபத்தில் கழித்து வரியை மிச்சம் பிடித்திருப்பார். தப்பில்லை, சட்டம் கொடுத்தது. ஆனால் 14 சதவீதமாக ஆனது காரின் விலை மட்டும்தான். உள்ளே இருக்கிற கியர்பாக்ஸின் விலை 14 சதவீதம் ஆகவில்லை. ஹெட்லைட்டின் விலை 14 சதவீதம் ஆகவில்லை. பாகம் விற்கிறவன் உங்கள் காருக்கு வயசு என்ன என்று கேட்டு விலை சொல்வதில்லை. ஆறரை லட்சத்துக்கு வாங்கியவனும் நாற்பது லட்ச ரூபாய் காரைத்தான் ரிப்பேர் பார்க்கிறான்.

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, இதுல என்ன மோசடி?" என்பீர்கள். சரிதான். இது வரைக்கும் மோசடி இல்லை. லைஃப்டைம் ஆயில் வரும்போதுதான் ஆரம்பிக்கிறது.

2003 முதல் 2010 வரை வந்த 5 சீரிஸை இ60 என்பார்கள். நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா சிட்டியில் 2007-இல் பி.எம்.டபிள்யூ. ஆலை திறந்தபோது 3 சீரிஸோடு சேர்த்து இதையும்தான் பூட்டினார்கள். இதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஜெட்எஃப் என்ற ஜெர்மன் கம்பெனி செய்த ஆறு கியர் பெட்டி. அதில் ஊற்றியிருக்கும் ஆயில் லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம் என்றது கார் கம்பெனி. பெட்டியைச் செய்த ஜெட்எஃப் என்ன சொல்கிறது தெரியுமா? 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருஷத்துக்குள் மாற்று என்கிறது. செய்தவன் மாற்று என்கிறான், வாங்கிப் பூட்டி விற்றவன் மாற்றாதே என்கிறான். ஒரே பெட்டி, ஒரே ஆயில். மெர்சிடிஸும் 1990-களில் வந்த தன் ஐந்து கியர் பெட்டிக்கு இதே பாட்டைப் பாடி, அப்புறம் "இல்லை, மாற்றத்தான் வேண்டும்" என்று வந்தது.

கூடுதலாக ஒரு அழகு: அந்த ஜெட்எஃப் பெட்டியின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு பிளாஸ்டிக். ஃபில்டர் அதோடு ஒட்டிப் பிறந்தது. ஃபில்டரை மாற்றணும் என்றால் தட்டையே மாற்றணும்.

ஏன் மாற்ற வேண்டாம் என்றார்கள் என்பதற்கு இன்ஜினீயரிங் புத்தகத்தில் விடை தேடாதீர்கள், கிடைக்காது. ஜெர்மனியில் புதுக் கார் யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அங்கே புதிதாகப் பதிவாகும் கார்களில் பாதிக்கும் மேல் கம்பெனிகள் பேரில்தான். இந்தப் பெரிய செடான்களில் அது இன்னும் அதிகம். மேனேஜருக்குச் சம்பளத்தோடு கார், மூன்று வருஷ லீஸ், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தது. இப்படி மொத்தமாக வாங்குகிற கம்பெனியின் கணக்கர் பார்ப்பது ஒன்றுதான்: இந்த மூன்று வருஷத்தில் பராமரிப்புக்கு எவ்வளவு போகும்? அந்தத் தொகையைச் சின்னதாகக் காட்டுகிறவனுக்கு ஆர்டர். அதனால்தான் ஐரோப்பாவில் இன்ஜின் ஆயிலை 30,000 கி.மீ. வரைக்கும் இழுத்தார்கள். கியர்பாக்ஸ் ஆயிலுக்கான செலவைப் பூஜ்யம் என்றே எழுதிவிட்டார்கள். மூன்று வருஷத்தில் அந்தப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆகிறபோது கார் வேறு யாரோ ஒருத்தர் கையில் இருக்கும் என்பதும் தெரியும்.

பி.காம். முதல் வருஷத்தில் மேட்சிங் கான்செப்ட் என்று ஒன்று சொல்லித்தருவார்கள். எந்தக் காலத்தில் பலனை அனுபவித்தாயோ, அந்தப் பலனுக்கான செலவையும் அந்தக் காலத்துக் கணக்கிலேயே எழுது. (பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி.) முதல் ஓனர் அந்த ஆயிலின் ஆயுளில் ஒரு லட்சம் கி.மீ.யைத் தின்று தீர்த்தார். செலவை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று கம்பெனி கையேடே சொல்லிவிட்டது. எழுதாத கடன் எங்கே போகும்? காரோடுதான் போகும். ஆர்.சி. புத்தகம் கைமாறும்போது அதுவும் சேர்ந்து கைமாறுகிறது. இதை யானைத் தீனி என்கிறீர்கள் நீங்கள். தீனி இல்லை ஐயா அது, முன்னவர் தின்ற சாப்பாட்டுக்குப் பின்னவர் கட்டுகிற பில்.

இதில் இன்னொரு கொடுமை. "ஃபுல் சர்வீஸ் ஹிஸ்டரி உள்ள வண்டியா பாத்து வாங்கு, ஒண்ணும் ஆகாது" என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். புத்தகத்தில் மாற்றாதே என்று போட்டிருந்தால், ஒரு சர்வீஸ் விடாமல் புத்தகப்படி செய்தவரின் காரில்தான் அந்த ஆயில் மாறாமல் இருக்கும்! ஒழுங்காக நடந்துகொண்டதற்குத் தண்டனை.

எங்கள் சித்தப்பா அப்படிப்பட்ட ஒரு காரைத்தான் வாங்கினார். பல்லடம் பக்கம் தறி வைத்திருக்கிறார். மூன்றில் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. 2010 மாடல், 2022-இல் 7 லட்சத்துக்கு வாங்கியது. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை எல்லாம் வரிசையாக இருந்தது. அவருடைய தறிக் கணக்கை லீவு நாளில் நான்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பேன். போன வருஷம் அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போது 'தறி ரிப்பேர்' தலைப்பில் 2 லட்சத்து 85 ஆயிரத்துக்கு ஒரு பில்.

"சித்தப்பா, நம்ம தறிக்கு எதுக்குங்க டார்க் கன்வர்ட்டர்?"

"சத்தம் போடாத கண்ணு. உங்க சித்தி காதுல விழுந்துறப் போகுது."

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நாலு ரன்-ஃப்ளாட் டயர் 88,000. பேட்டரியும், பேட்டரி மாற்றியதைக் காரின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும் கூலியும் சேர்த்து 27,500. (ஆமாம், புது பேட்டரி போட்டால் காருக்கு முறைப்படி தகவல் சொல்லணும். கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி.) தண்ணீர் பைப், தெர்மோஸ்டாட் வகையறா 62,000. கீழே சஸ்பென்ஷன் கைகள் 74,000. கியர்பாக்ஸையும் சேர்த்துக் கூட்டினால் இரண்டேகால் வருஷத்தில் 5 லட்சத்து 36 ஆயிரத்து 500. டீசலும் இன்சூரன்ஸும் இல்லாமல். எல்லாம் தறி ரிப்பேர், தறி ரிப்பேர், தறி ரிப்பேர். பாவம், அந்தத் தறிகள் ஒரு நாள் கூட நின்றதில்லை.

கியர்பாக்ஸைப் பிரித்த மெக்கானிக் கறுப்பாகிப்போன ஆயிலைக் காட்டி, "இதை யாரும் தொட்டதே இல்லீங்க" என்றாராம். தொட வேண்டாம் என்று எழுதியிருந்ததை அவரிடம் யார் சொல்வது?

எனக்குக் கோபம் வந்தது செலவைப் பார்த்து இல்லை. சித்தப்பா சம்பாதிக்கிறார், செலவு பண்ணுகிறார், அவர் இஷ்டம். அதே காலத்தில் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் அந்தக் காரைச் சுற்றி நின்று விசாரித்தபோது, "வாங்கினதுல இருந்து ஆயில் மாத்தினதோட சரி, ஒரு பைசா செலவு வெக்கலைங்க" என்று இதே சித்தப்பா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த நாலு பேரில் ஒருவர், அதே ரோட்டில் பத்துத் தறி போட்டிருப்பவர், சீட்டு எடுத்த பணத்தில் அதே மாதிரி ஒன்று வாங்கினார். அது இப்போது அவர் வீட்டு வேப்ப மரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. எட்டு மாசமாக. மனிதர் டி.வி.எஸ். எக்ஸெல்லில் போய் வந்துகொண்டிருக்கிறார். அவரை யாராவது கேட்டால் அவரும் "நல்ல வண்டிங்க, எடுக்கத்தான் நேரமில்லை" என்கிறார்.

ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள்? உண்மையைச் சொன்னால் அந்த யானை வசனம் வரும். "உன் தகுதிக்கு மீறி வாங்கிட்டே" என்று அர்த்தம். ஊரில் அந்தப் பேச்சைக் கேட்பதைவிட மூன்று லட்சத்தைத் தறிக் கணக்கில் எழுதிவிட்டுப் போவது மேல் என்று நினைக்கிறார்கள். ஆக, கம்பெனி மறைத்ததை ஓனரும் மறைக்கிறார், புரோக்கர் கேட்கவே வேண்டாம். அடுத்தவன் வந்து விழுகிறான்.

கியர்பாக்ஸ் ஒன்றைச் சொல்லியே ஓட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2007-இல் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்த என்47 என்ற நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 320டி, 520டி எல்லாவற்றிலும் வந்தது. டைமிங் செயின் என்பது இன்ஜினுக்குள் மேலே உள்ள வால்வையும் கீழே உள்ள பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓட வைப்பது. வழக்கமாக முன்பக்கம் இருக்கும். கழற்றி மாட்டச் சுலபம். இவர்கள் அதை பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆரம்ப வருஷங்களில் வந்த இன்ஜின்களில் அந்தச் செயின் சீக்கிரமே தேய்ந்து தளர்வது உலகம் முழுக்க ஓனர்கள் புலம்பிய விஷயம். முதலில் கரகரவென்று சத்தம் வரும். கவனிக்காமல் விட்டு அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், இன்ஜின் காலி. சத்தம் வந்ததும் மாற்றலாம் என்றால், செயின் விலை கொஞ்சம்தான், அதைத் தொடுவதற்கு கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கணும். ஆடியின் வி6 டீசலிலும் செயின் பின்பக்கம்தான். முந்நூறு ரூபாய் பல்பை மாற்ற வீட்டுக் கூரையைப் பிரிப்பது மாதிரி. இதில் ஓனரின் 'பராமரிப்பு' எங்கே வருகிறது? தினமும் சாமி கும்பிட்டு ஓட்டினாலும் செயின் பின்பக்கம்தான் இருக்கும்.

மெர்சிடிஸ் கதை இன்னும் ஜோர். 2002-இல் வந்த இ-கிளாஸில் எஸ்பிசி என்று மின்சாரத்தில் வேலை செய்யும் பிரேக் வைத்தார்கள். நாம் மிதிப்பதைக் கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு பம்ப் மூலம் பிரேக் போடும். அந்த அமைப்பு எத்தனை தடவை பிரேக் மிதித்தோம் என்று எண்ணிக்கொண்டே வரும். குறிப்பிட்ட எண்ணிக்கை தாண்டினால் எச்சரிக்கை விளக்கு, பம்பை மாற்று. 2004-இலும் 2005-இலும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2006-இல் அதே காருக்கு முகத்தை மாற்றியபோது சத்தமில்லாமல் பழையபடி சாதாரண பிரேக்குக்கே போய்விட்டார்கள். கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டது. அதற்கு முன் செய்த காரை வாங்கிய கோயமுத்தூர்க்காரர் கைவிட முடியுமா?

உடனே ஒரு கோஷ்டி வரும். "அந்தக் கால பென்ஸைப் பாரு!" பார்த்தேன். ஸ்டுட்கார்ட் மெர்சிடிஸ் மியூசியத்தில் கிரேக்க நாட்டு டாக்சி ஒன்று நிற்கிறது. 1970-களின் 240டி. 46 லட்சம் கி.மீ. ஓடியது. அந்த டாக்சிக்காரர் இன்ஜினை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினார், 2004-இல் கம்பெனியிடமே கொடுத்தார். கும்பிட வேண்டிய வண்டி. ஆனால் அதில் என்ன விசேஷம் என்று கவனியுங்கள். ஒரு டாக்சி டிரைவரின் வருமானத்தில் இன்ஜினை இறக்கி ஏற்ற முடிந்தது. கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்கவுண்டன்சியில் குட்வில் என்பார்கள், நல்ல பேருக்கு ஒரு விலை. 46 லட்சம் கி.மீ. ஓடிய டாக்சி சம்பாதித்த குட்வில்லை வைத்து, பிரேக் மிதிப்பதை எண்ணுகிற காரை விற்றார்கள். நம்ம நாட்டில் முதலில் தயாரான மெர்சிடிஸ், 1995-இல் டெல்கோவோடு சேர்ந்து புனேயில் பூட்டிய டபிள்யூ124. டாங்கி மாதிரி என்பார்கள், உண்மைதான். அந்த டாங்கியிலும் 1990-களின் முதல் பாதியில் வந்தவற்றின் இன்ஜின் ஒயர் உறை சில வருஷத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கியது உலகப் பிரசித்தம்.

"எல்லாக் காருக்கும்தான் வயசாகும், கொரோலாவுக்கு ஆகாதா?" என்பது அடுத்த கேள்வி. ஆகும். லைஃப்டைம் என்று கதை விடும் வியாதி ஜெர்மன்காரர்களுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை, ஜப்பான் கம்பெனிகளும் ஆயிலில் அந்த வார்த்தையை ஒட்டியிருக்கின்றன. வித்தியாசம் பில்லின் நீளத்தில். அங்கே ஒரு மாசச் சம்பளம் போகும், இங்கே ஒரு வருஷச் சம்பளம்.

சரி, இதே காரை ஜெர்மனியில் இரண்டாம் கையாக வாங்குகிறவன் எப்படிச் சமாளிக்கிறான்? அங்கே புதுக் காருக்கு மூன்றாவது வருஷம், அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டாய சோதனை உண்டு. பிரேக், சஸ்பென்ஷன், துரு, புகை எல்லாம் பார்த்துக் குறைகளை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்த மாடலில் எந்த வயதில் எவ்வளவு குறை என்று வருஷா வருஷம் அறிக்கையே வெளியிடுகிறார்கள். கார் கம்பெனிக்கு சப்ளை செய்கிற லெம்ஃபோர்டர், சாக்ஸ், மாலே எல்லாம் அதே பாகத்தைக் கம்பெனி முத்திரை இல்லாமல் கடையில் விற்கிறார்கள், விலையும் குறைவு. தெருவுக்குத் தெரு அதைப் போடத் தெரிந்த மெக்கானிக். அவனுக்கும் செலவு வரும், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதில்லை. இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதிவு பதினைந்து வருஷம். அது முடிகிற வரைக்கும் எஃப்.சி. என்று யாரும் அடியில் குனிந்து பார்க்கப்போவதில்லை. பன்னிரண்டு வயசுக் காரை வாங்குகிறவனுக்குக் கையில் இருப்பது மினுக்கிய பெயின்டும் புரோக்கரின் வாக்கும்.

வெளி மெக்கானிக்கிடம் போகலாமே என்றால், அந்தக் கதவையும் அடைத்துத்தான் வைத்திருந்தார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும், பழுது கண்டுபிடிக்கிற கருவிகளையும், ரிப்பேர் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பட்டியலில் மாருதி, டாடாவோடு பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் இரண்டும் உண்டு. அப்பீல், ஹைகோர்ட் என்று அது இழுத்துக்கொண்டே போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது, அதில் கார்களும் சேர்த்தி. சித்தப்பாவின் மெக்கானிக்கிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "அப்படியாங்க?" என்றார்.

இப்போது அந்த யானைப் பழமொழிக்காரர்களிடம் கேட்கிறேன். ஆயிலை மாற்றாதே என்று எழுதியது ஓனரா? செயினைப் பின்னால் வைத்தது ஓனரா? பிரேக்கில் மீட்டர் வைத்தது ஓனரா? ரிப்பேர் கையேட்டைப் பூட்டி வைத்தது ஓனரா? அவர் செய்தது ஒன்றே ஒன்று, விற்பனைக்கு வந்த பொருளைக் கேட்ட விலை கொடுத்து வாங்கினார். யானை விற்றவனைப் பற்றி உங்கள் பழமொழியில் ஒரு வார்த்தை இல்லையே, ஏன்?

இந்தக் கார்களை யாரும் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள், அந்தப் போன் நீட்டுகிறவன்களை எனக்குத் தெரியாதா? வாங்குகிறவன் கொடுக்கும் விலைக்குச் சமமாகவோ, குறைந்தது பாதியாவது, தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்கட்டும். கணக்கில் அதற்குப் பெயர் ஒதுக்கீடு. ஆறரை லட்சம் வைத்திருப்பவன் பார்க்க வேண்டியது நாலு லட்ச ரூபாய் காரை. வாங்கிய மறுநாளே, கம்பெனிக் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றட்டும். நாலாயிரமோ ஐயாயிரமோ கொடுத்து, அந்தக் காரில் பழக்கமுள்ள மெக்கானிக்கை ஸ்கேனரோடு கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும். இதெல்லாம் கூட இரண்டாம் பட்சம்.

முதலில் வேண்டியது, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வாயைத் திறப்பது. எத்தனாவது கிலோமீட்டரில் எது போனது, யார் என்ன வாங்கினார்கள், ரூபாயும் தேதியும் போட்டு. பத்துப் பேர் அப்படிச் சொன்னால் போதும், புரோக்கர் சொல்கிற "சின்ன வேலைதான் சார்" எவ்வளவு சின்னது என்று பதினோராவது ஆளுக்குத் தெரிந்துவிடும்.

பி.கு.: சித்தப்பாவின் கார் விற்பனைக்கு வருகிறது. 5,36,500 ரூபாய்க்கான பில்களையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் கோத்து வைத்திருக்கிறேன், பார்க்க வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டப்போகிறேன். சித்தப்பா அரை மனசோடு சம்மதித்துவிட்டார். சித்திக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போதைய பிரச்சினை. யோசனை இருப்பவர்கள் சொல்லலாம் :-)